மருத்துவச்சிப் படிப்புக்குப் போன மூன்று ஊர்க்காரிகள்

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்புக்குச் சுற்றுக் கிராமங்கள் அடங்கிய கொம்யூன்களிலிருந்தும் பெண்களை எடுக்கிறார்கள் என்று எங்கள் ஏம்பலத்தில் தமுக்கடித்துச் சொன்னபோது, நான் புருஷனை இழந்து, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தேன். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். ஆலைக் கொட்டகையில் பாகு காய்ச்சுகிறவர்களுக்குச் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அதைக் கேட்டேன். வெள்ளைச் சேலைக்காரி எதிரே வந்தால் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் நின்று திரும்பிப் போவார்கள் என்பதால், நானே தெருவை விட்டு வரப்போரமாக நடக்கப் பழகியிருந்தேன். தமுக்கடித்தவன் நிறையச் சொன்னான். என் காதில் தங்கியது ஒன்றுதான். "கைம்பொண்ணுங்களும் வரலாமாம்."

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அண்ணன் அதிகம் பேசாத மனுஷன். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது கேட்டேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கை துடைத்தார்.

"போய்ப் பாரு" என்றார்.

"புள்ளய யாரு பாத்துக்கறது?" என்றாள் அண்ணி, உள்ளே இருந்து.

"நீதான்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அப்படித்தான் ஒரு விடிகாலையில் மாட்டு வண்டியில் வில்லியனூர் வந்து, அங்கே ரயிலேறிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் பெரும்பாலும் பட்டணத்துப் பெண்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்கள், செருப்பு போட்டவர்கள். கொம்யூன்களிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி பாகூர்ப் பக்கம் பனித்திட்டிலிருந்து வந்த மீனவப் பெண். புருஷன் உயிரோடிருந்தும் வேறொருத்தியோடு போய்விட்டவன். இன்னொருத்தி வில்லியனூருக்கு வெளியே இருக்கும் சேரியிலிருந்து வந்தவள். மாதா கோவில் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்து, பிரெஞ்சும் கொஞ்சம் வாசிப்பாள். கலியாணம் ஆகாதவள். மூன்றாவது நான். ஆஸ்பத்திரியில் எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பனித்திட்டுக்காரி, வில்லியனூர்க்காரி, ஏம்பலத்துக்காரி, அவ்வளவுதான். நாங்களும் ஒருத்தியை ஒருத்தி அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

முதல் மாதம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெள்ளைக்கார டாக்டர் பிரெஞ்சில் அரை மணி நேரம் பேசுவார். பக்கத்தில் நிற்கும் உதவியாளர் அதைத் தமிழில் இரண்டே வாக்கியமாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். பட்டணத்துப் பெண்கள் கடகடவென்று எழுதுவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். நான் தங்கியது தூரத்து உறவுக்காரர் வீட்டுப் பின்கட்டில். அங்கே காலையில் அவர்கள் கோலம் போட்டு, வாசலில் நல்ல முகமாக யாராவது கடந்துபோன பிறகுதான் நான் வெளியே வரவேண்டும். அதனால் தினமும் வகுப்புக்குத் தாமதம். பனித்திட்டுக்காரி கொஞ்ச நாள் சந்தைக் கொட்டகையில் படுத்தாள். வில்லியனூர்க்காரி தினமும் ஊரிலிருந்து நடந்தே வந்துபோனாள். அந்த மாதக் கடைசியில் வைத்த பரீட்சையில் நானும் பனித்திட்டுக்காரியும் தேறவில்லை.

அதற்கும் மேலே ஊரிலிருந்து சேதி வந்தது. என் குழந்தை சோறு இறங்காமல் மெலிந்துபோய்விட்டது, அம்மா அம்மா என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று. நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு தலைமை மருத்துவச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

அவரை எல்லாரும் சைகோனம்மா என்பார்கள். கிறிஸ்தவத் தமிழ்ப் பெண்மணி. புருஷனோடு கப்பலேறிச் சைகோன் போய், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை கற்று, புருஷன் காலமான பிறகு திரும்பி வந்தவர். கறுப்புப் பாவாடைச் சட்டை போட்டிருப்பார். குரல் முரடு. துரைமாரிடமும் அதே குரல்தான்.

"இன்னாடி, மூட்டையும் கையுமா?"

சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"போன தடவையும் உங்க மாதிரி நாலு பேரு வந்தாளுங்க. பொங்கலுக்குள்ள நாலு பேரும் ஓடிட்டாளுங்க. ஒருத்திக்குப் புள்ள. ஒருத்திக்குப் படுக்க எடம் இல்ல. ஒருத்திக்கு வாத்தியார் பேசற பாஷை புரியல. நாலாவது ஒருத்தி ஏன் போனான்னே எனக்குத் தெரியாது, கேக்காம வுட்டுட்டேன். எல்லாத்தையும் போனப்புறந்தான் யோசிச்சேன்." அவர் என் மூட்டையைக் காலால் தள்ளினார். "இந்தத் தடவ வுடறதா இல்ல. புள்ளயக் கூட்டிகினு வா."

"எங்கம்மா கூட்டிகினு வர்றது? அந்த வூட்ல..."

"அந்த வூட்டுக்கு இல்லடி. இங்க."

சலவைக் கிணற்றுக்குப் பின்னால் கிழிந்த படுக்கைத் துணிகளைப் போட்டு வைக்கும் அறை ஒன்று இருந்தது. பெரிய டாக்டரிடம் போய் நின்று, சண்டை போட்டோ கெஞ்சியோ, அதை எங்களுக்கு வாங்கித் தந்துவிட்டார். எப்படி வாங்கினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. நான் ஊருக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, மற்ற இரண்டு பேரும் அறையைக் கழுவி, வேப்பிலைப் புகை போட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் சலவைக்காரம்மா குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். கொடியில் தொங்கும் வெள்ளைத் துப்பட்டிகளுக்கு நடுவே அது ஓடி விளையாடும். இரண்டே வாரத்தில் கன்னம் மறுபடி உப்பிவிட்டது. அந்தக் கன்னத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் இந்தப் படிப்பை முடிப்பேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அடுப்பு விஷயம் முதல் நாளே வந்தது. அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரே ஓர் அடுப்புக்குத்தான் இடம்.

"மூணு அடுப்பு மூட்ட எடம் ஏது? நான் ஒரே சட்டியில பொங்கிடறேன்" என்றாள் பனித்திட்டுக்காரி.

தயங்கியது வில்லியனூர்க்காரிதான். என்னைப் பார்த்து, "உனக்குத்தான் வம்பு. உங்க ஊர்ல தெரிஞ்சா உன்னத்தான் பேசுவாங்க. நான் தனியா ஒரு ஓரத்துல பொங்கிக்கறேன்" என்றாள்.

எனக்குப் பசி. குழந்தைக்கும் பசி. "என்ன ஏற்கனவே பேசிகினுதான் இருக்காங்க, போடு அரிசிய" என்றேன். அன்றைக்குப் பனித்திட்டுக்காரி வைத்த நெத்திலிக் குழம்புக்கு இன்றுவரை இணையாக ஒன்றைச் சாப்பிட்டதில்லை.

பாடம் புரிய ஆரம்பித்ததும் அந்தக் கிணற்றடியில்தான். மத்தியானம் துணி துவைக்கும் நேரத்தில் வில்லியனூர்க்காரி அன்றைய பாடத்தை எங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொல்வாள். டாக்டர் பேச்சில் முக்கால்வாசி அவளுக்குப் பிடிபட்டுவிடும். பிடிபடாததைச் சைகோனம்மாவிடம் கேட்டுக்கொண்டு வருவாள். பனித்திட்டுக்காரிக்கு எழுத்தே தெரியாது. ஆனால் காதில் விழுந்தது போகாது. எல்லாவற்றையும் கடலோடு சேர்த்து வைத்துக்கொள்வாள். குழந்தை தலைகீழாக இல்லாமல் காலோடு வருவதைச் சொன்னபோது, "அதாவது படகு பின்பக்கமா கரையேறுது. அப்ப இழுக்கக்கூடாது. அல வர்ற வரைக்கும் புடிச்சிகினு நிக்கணும். இழுத்தா கவுந்துடும்" என்றாள். வில்லியனூர்க்காரி துணியைப் பிழிந்துகொண்டே, "டாக்டரு சொன்னது அதான்" என்றாள். அடுத்த பரீட்சையில், பனித்திட்டுக்காரி வாயால் சொன்னதை உதவியாளர் எழுதிக்கொள்ள, நாங்கள் மூன்று பேரும் தேறினோம். மதிப்பெண் ஒன்றும் பெரிதில்லை. தேறினோம், அவ்வளவுதான்.

ஆனால் வகுப்பில் தேறினால் போதாது. பிரசவ வார்டில் எங்கள் கையாலேயே குழந்தை எடுத்திருந்தால்தான் கடைசிப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். அங்கே வேறு தொல்லை. வில்லியனூர்க்காரியை எந்த ஊர் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி எந்தத் தெரு என்று வரும். சொன்னதும் முகம் மாறும். என்னைக் கேட்கவே வேண்டாம். என் சேலையே சொல்லிவிடும். பட்டணத்துப் பெண்களும், கழுத்தில் தாலியிருந்த பனித்திட்டுக்காரியும் அவரவர் பிரசவக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் காய்ச்சிக்கொண்டும் துணி மாற்றிக்கொண்டும் இருந்தோம்.

சைகோனம்மா ஒரு நாள் என்னையும் வில்லியனூர்க்காரியையும் காட்டி, வார்டு வாசலில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இனிமே இவளுங்க ரெண்டு பேரும் சோடி. எந்தக் கட்டிலுக்குப் போனாலும் ஒண்ணாத்தான் போவாளுங்க. ஒருத்தி வேணாம்னு சொன்னா ரெண்டு பேரும் வேணாம்னு அர்த்தம். அப்புறம் முறை வர்ற வரைக்கும் காத்துக்கினு கெடக்க வேண்டியதுதான்."

அதற்கு அடுத்த வாரமே சோதனை வந்தது. நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு நிலக்காரக் குடும்பத்து மருமகளை வண்டியில் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். ஊரிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் வலி எடுத்து, ஒன்றும் நடக்காமல் கொண்டுவந்தது. கூடவே மாமியார். மூக்குத்தியும் கழுத்து நிறைய நகையுமாகக் கட்டிலுக்குக் காவல் நின்றாள். எங்களைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்துவிட்டாள்.

"இவ யாரு?"

"படிக்கிற பொண்ணு" என்றார் சைகோனம்மா.

"தாலி இல்லாதவ மூஞ்சியிலயா எம் பேரன் முழிக்கணும்? அவள வெளிய போவச் சொல்லு. அந்த இன்னொருத்தி இன்னா சாதி?"

வில்லியனூர்க்காரி தலையைக் குனியவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியபடி நின்றாள்.

"சரி" என்றார் சைகோனம்மா, சாதாரணமாக. "மத்தவங்க ரெண்டு பேரும் அந்தக் கோடிக் கட்டில்ல இருக்காங்க. அங்க முடிஞ்சதும் அனுப்பறேன். நீங்க வாங்கடி." எங்களைத் திருப்பிக்கொண்டு இரண்டடி நடந்திருப்பார்.

கட்டிலில் கிடந்த மருமகள், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், திடீரென்று கத்தினாள். "எவளா இருந்தா இன்னா, வாங்கடி யம்மா! அத்த, நீ வெளிய போ! போ சொல்றன்ல!"

அந்த மாமியாரை அதற்கு முன் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். சைகோனம்மா அவள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, "வாங்க, காப்பி சாப்டலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பார்வை மட்டும் எங்கள் மேலேயே இருந்தது. அது சைகோனம்மாவின் பார்வை.

நாங்கள் கையை முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்தோம். வில்லியனூர்க்காரி வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "தல கீழதான் இருக்குது. பயப்படாத" என்றாள். அது எனக்குச் சொன்னதா கட்டிலில் இருந்தவளுக்குச் சொன்னதா தெரியவில்லை. நான் அந்தப் பெண்ணின் முதுகைத் தாங்கிப் பிடித்தேன். அவள் என் வெள்ளைச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் குழந்தை வில்லியனூர்க்காரியின் கையில் வந்து விழுந்தது. உடனே அழவில்லை. வாயைத் துடைத்து, கால் பாதத்தில் தட்டி, முதுகைத் தேய்த்தோம். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வார்டு முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

பெண் குழந்தை. கண்ணில் மருந்து விட்டு, துணியில் சுற்றி, மாமியார் கையில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். "நல்லா நெறமா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். எங்களுக்கு அது போதும். கிணற்றடிக்குப் போய் இரண்டு பேரும் கை கழுவினோம். வில்லியனூர்க்காரி சிரிக்க ஆரம்பித்தாள். "அத்த, நீ வெளிய போ" என்று அந்தப் பெண்ணைப் போலவே சொல்லிக் காட்டினாள். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. சலவைக்காரம்மா வந்து எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு மறுப்பவர்கள் இல்லாமல் போகவில்லை. ஆனால் எங்கள் கணக்கு மெல்ல ஏறியது.

நாங்கள் பயந்த வம்பு வேறு வழியாக வந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் காலில் வெட்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, தாழ்வாரத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குப் போய்த்தான் பேசினார். சில நாளில் வேறொருத்தர் மூலம் எனக்குச் சேதி வந்தது. "உங்க அண்ணன் வண்டி கட்டிகினு வர்றாரு."

என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வேறு எதற்கு வருவார்? கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. வில்லியனூர்க்காரி தன் பாயையும் தட்டையும் எடுத்துச் சலவைக்காரம்மாவின் குடிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். "அவர் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்" என்றாள். பனித்திட்டுக்காரி, "வரட்டும், நான் பேசிக்கறேன்" என்றாள். அவள் பேசினால் இன்னும் கெட்டுவிடும் என்று எனக்குப் பயம். என் குழந்தையின் துணிகளை நானே மடித்து வைத்தேன்.

அண்ணன் ஒரு காலையில் வந்தார். வண்டியை ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நிறுத்தி மாட்டை அவிழ்த்துக் கட்டினார். நான் தூணோரம் நின்றேன். குழந்தை "மாமா" என்று ஓடியது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார்.

"புது நெல்லு அரிசி. வழியில இங்கிலீஷ்கார எல்லையில சுங்கக்காரன் மூட்டயக் குத்திக் குத்திப் பாத்தான். ஓட்ட இருக்கும், மொதல்ல வேற பானையில கொட்டிடு" என்றார்.

அப்புறம் ஒரு வெல்ல மூட்டை. அப்புறம் ஒரு பானைப் புளி. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணா, என்னக் கூட்டிகினு போவ வர்லியா?"

"எதுக்கு?"

"ஊர்ல பேசறாங்கன்னு..."

அவர் குழந்தையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். "பேசறாங்க. நானும் பேசினேன்." மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டார். "உங்க பெரிய அண்ணி செத்தப்ப நீ சின்னப் பொண்ணு."

அவருடைய முதல் மனைவியைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரசவத்தில் போனார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

"அடமழ. மருத்துவம் பாக்கறவ சேரியில இருந்தா. கூட்டிகினு வரேன்னு நான் கெளம்பனேன். அவள நடுவூட்டுக்குள்ள வுடறதா, கொல்லையில பொம்பளைய எடுத்துகினு போயி வச்சிப் பாக்கறதான்னு பெரியவங்க பேசிகினு இருந்தாங்க. பேசி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி." அவர் குரல் மாறவேயில்லை. "ஊர்ல நாலு பேரு நடுத்தெருவுல வச்சி உன்னப்பத்திக் கேட்டானுங்க. ஒரே சட்டியில தின்னா இன்னாடா ஆயிடும், உங்க வூட்டுப் பொம்பளைக்கு வலி வந்தா எங்கடா போவீங்கன்னு கேட்டேன். ஒவ்வொருத்தனா கெளம்பிட்டானுங்க."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரிசி மூட்டையின் ஓட்டையை விரலால் அடைத்துப் பிடித்துக்கொண்டேன்.

பனித்திட்டுக்காரி வந்து, "அண்ணா, சாப்ட்டுப் போங்க" என்றாள். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மூணு பேருன்னாங்க?" என்றார். நான் எழுந்து ஓடிச் சலவைக்காரம்மா குடிசையிலிருந்து வில்லியனூர்க்காரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அண்ணன் தாழ்வாரத்துக்கு வெளியே, வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரே சட்டிச் சோறுதான். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு அவர் வரவில்லை. அன்றைக்கு வந்த தூரமே அவருக்கு அதிகம். மாடு பூட்டும்போது வில்லியனூர்க்காரியிடம், "நீதான் இவளுக்குப் பாடம் சொல்லித் தர்றியாம். முடிச்சிடுவாளா?" என்று கேட்டார்.

"முடிச்சிடுவா" என்றாள் அவள்.

கடைசிப் பரீட்சை வாய்ப் பரீட்சை. பிரெஞ்சு தெரியாதவர்களுக்காக அதைத் தமிழில் வைக்கச் சைகோனம்மா பெரிய டாக்டரைச் சம்மதிக்க வைத்திருந்தார். டாக்டர் பிரெஞ்சில் கேட்பார், அதைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். பாடம் சொன்ன சைகோனம்மாவே சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் கோர்ட்டில் மொழிபெயர்க்கும் முசியே, அதாவது ஐயா, ஒருவரை வரவழைத்திருந்தார்கள். நெற்றியில் திருமண், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. நல்ல மனிதர். நிலத் தகராறுகளிலும் சொத்துப் பாகங்களிலும் காலம் தள்ளியவர்.

முதலில் பனித்திட்டுக்காரியைக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார்.

"அதாவது... ஸ்திரீகளுக்கு... அந்தச் சமயத்தில்... அந்த இடத்தில்... முதலில் என்ன வஸ்து வெளிப்படும் என்று துரை கேட்கிறார்."

"எந்த எடத்துல?" என்றாள் பனித்திட்டுக்காரி. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அதாவது, கீழே" என்றார்.

"கீழன்னா? பனிக்கொடம் ஒடயறதக் கேக்கறாரா, நஞ்சுக்கொடியக் கேக்கறாரா?"

அவர் அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொன்னாரோ, டாக்டரின் புருவம் மேலே போனது. மறுபடி கேட்டார். இவர் மறுபடி கூரையைப் பார்த்தார். இப்படியே நாலைந்து கேள்வி. ஒன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சுவரோரம் நின்ற சைகோனம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வாய் திறக்க அவருக்கு உரிமை இல்லை. இத்தனை தூரம் வந்து ஒருவருடைய வெட்கத்தால் எல்லாம் போகப்போகிறதே என்று நினைத்தேன்.

பனித்திட்டுக்காரி கடைசியில் பொறுமை இழந்தாள். மேஜையின் மூலையில் பாடத்துக்கு வைத்திருந்த மரத்தால் ஆன இடுப்பெலும்பும் துணிப் பொம்மையும் இருந்தன. அவற்றைக் காட்டி, "அய்யாவ ஏன் கஷ்டப்படுத்தறீங்க? அதக் குடுங்க, செஞ்சி காட்டறோம்" என்றாள்.

இதை மட்டும் மொழிபெயர்ப்பாளர் தடங்கலே இல்லாமல் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பொம்மையை அவரே எடுத்து, இடுப்பெலும்புக்குள் காலை முன்னே வைத்து நுழைத்து, அவளிடம் நகர்த்தினார். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் விடுதலையானவர்போல் எழுந்து வெளியே போனார்.

பனித்திட்டுக்காரி பொம்மையின் காலைப் பிடித்தாள். இழுக்கவில்லை. காத்திருந்தாள். பிறகு மெல்லத் திருப்பி, கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலையைத் தூக்கி வெளியே கொண்டுவந்தாள். கொடியைக் கட்டுவதுபோல் விரலைச் சுற்றிக் காட்டினாள். டாக்டர் தலையாட்டினார். அடுத்து நான். எனக்கு ரத்தப்போக்கைக் கேட்டார். கேட்டது என்றால், சிவப்பு மையைக் கீழே துணியில் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பொம்மையை விட்டுவிட்டு, வயிற்றை எங்கே எப்படிப் பிடித்துத் தேய்ப்பது, டாக்டரைக் கூப்பிட எப்போது ஆள் அனுப்புவது என்று செய்கையிலேயே காட்டினேன். வாசலைக் காட்டி ஓடுவதுபோல் காட்டியதும் அவர் மறுபடி சிரித்தார். வில்லியனூர்க்காரி அவர் கேட்டதற்கு நேராகப் பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். இலக்கணம் தப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

முடிவைத் தாழ்வாரத்தில் படித்தார்கள். எங்கள் மூன்று ஊர்ப் பெயரும் வந்தது. பட்டணத்துப் பெண்கள் ஒருத்தி ஒருத்தியைக் கட்டிக்கொண்டார்கள். நாங்கள் எதுவும் செய்யவில்லை. அறைக்குப் போனோம், பாயை விரித்தோம், பட்டப்பகலில் மூன்று பேரும் குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டோம். சாயங்காலம் சைகோனம்மா வந்து கதவைத் தட்டி, "செத்துட்டீங்களாடி?" என்று கேட்டபோதுதான் எழுந்தோம். கையில் ஒரு பொட்டலம் பக்கோடா வைத்திருந்தார். எங்களோடு தரையில் உட்கார்ந்து தின்றார். முதல் தடவையாக அவருடைய முகத்தில் களைப்பு தெரிந்தது. "அப்பாடா" என்றார்.

எங்களை அவரவர் கொம்யூனுக்கே வேலைக்கு அனுப்பினார்கள். பனித்திட்டுக்காரிக்குத் தடையே இருக்கவில்லை. கடற்கரைக் குப்பங்களில் அவளுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார்கள். வில்லியனூர்க்காரிக்குத்தான் வெகு நாள் பிடித்தது. கொம்யூன் தலைவரான மேரின் ஆபீசில் அவளுக்குக் கொடுத்த கடுதாசி கொம்யூன் முழுமைக்கும் என்றுதான் சொன்னது. ஆனால் ஊர்த்தெருவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவள் சேரியிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஊர்த்தெருக்காரர் ஒருவர், தன் வீட்டுக் கொல்லை வழியாக வரச்சொல்லிக் கூப்பிட்டாராம். அப்புறம் இன்னொருவர். ரயிலுக்கு வில்லியனூர் போகும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். கடைசியாகப் பேசியபோது, "இப்பல்லாம் வாசல் வழியாவே கூப்பிடறாங்க. ஆனா பாதிப் பேருதான்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நிலவரமாகச் சொன்னாள். அடுத்த தடவை படிப்புக்கு ஆள் எடுத்தபோது, அவள் தெருவிலிருந்து இரண்டு பெண்களை அவளே அழைத்துக்கொண்டு போய்ச் சைகோனம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள். துணி அறை அவர்களுக்கும் கிடைத்தது.

நான் ஏம்பலத்துக்குத் திரும்பிய பிறகு என்னை முதலில் கூப்பிட்டது ஒரு கரும்பு வெட்டுக்காரரின் மனைவி. வயலோரக் கொட்டகையில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஏற்கனவே மூன்று பெற்றவள், என்னைவிடத் தைரியமாக இருந்தாள். நான் பையைத் திறந்து சோப்பை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரம் கையக் கழுவினா புள்ள தானா வந்துடும்மா" என்றாள். கிட்டத்தட்ட அப்படியேதான் வந்தது. ஒரு சிக்கலும் இல்லை. ஆண் குழந்தை, நல்ல எடை, கையில் எடுத்ததும் கத்திவிட்டது. நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டேன். தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கல்லுபோல் இறுகியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

வெளியே வந்தபோது புருஷன்காரன் வெட்டுக்கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். என் முகத்தையே பார்த்தான்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. போய்ப் பாரு" என்றேன்.

அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினான். நான் வாய்க்காலில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு, வீட்டுக்குத் தெரு நடுவாகவே நடந்து போனேன்.